காதரின் ஏழாவது வளைவு

காதர் இறந்த செய்தி வந்தபோது முதல் பத்து நிமிடம் நான் தப்பான காதருக்காக வருத்தப்பட்டேன். மதுரையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ராஜபாளையத்திலிருந்து போன். பேசியது பத்மாவதி. நானும் காதரும் சேர்ந்து பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இன்றும் வேலை பார்ப்பவள். "சார், நம்ம காதர் போயிட்டாரு சார்" என்று சொல்லி அழுதாள், லைன் கட்டாகிவிட்டது. சென்டருக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் பெயரும் காதர்தான், எழுபது தாண்டியவர். பாவம், நல்ல மனுஷன், கல்யாணச் சாவு என்று நினைத்தபடி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது போன் அந்த டீக்கடைக் காதர் பாயிடமிருந்தே வந்தது. "ஒங்க சேக்காளிதான் தம்பி. மஞ்சக்காமாலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்டுலதான் வச்சிருக்காங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு எடுக்காங்க, வந்துருங்க" என்றார்.

முப்பது வயதுக்காரனுக்கு அஞ்சலி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. 'அவர்' போட்டு எழுதிப் பார்த்தேன். யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது. அவனை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், 'அவன்' என்றே எழுதுகிறேன். எந்த வரிசையில் சொல்வது என்பதும் குழப்பமாக இருக்கிறது. அவனைப் பற்றி எனக்குக் கடைசியாகத் தெரியவந்ததுதான் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று இப்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது முன்கூட்டியே வந்துவிட்டது போலிருக்கிறது.

நாங்கள் இருவரும் அந்த சென்டரில் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஒரு மாடி அறை, பக்கத்தில் போர்டு மாட்டிய சின்ன வகுப்பறை, ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டர்களுக்கு, எங்களுக்கு அல்ல. தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கோயிலை விட்டால் நாங்கள் அவ்வளவு பயபக்தியோடு நுழைந்த இடம் அதுதான். காதருக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. வாசலில் நின்று மற்றவர்களின் செருப்புகளைப் புரட்டிப் பார்ப்பான். ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம், "நீ எவன் சைக்கிள்ல பின்னால ஒக்காந்து வாரே?" என்று கேட்டான். அவன் திகைத்துப்போய், ஆமாம், தினமும் நண்பனின் கேரியரில்தான் வருகிறேன் என்றான். அவன் செருப்பின் குதிகால் மட்டும் தனியாகத் தேய்ந்திருந்தது. "நல்ல பய. காலத் தரையில வச்சுக்கிட்டே வாரான்" என்று என்னிடம் சொன்னான் காதர். இதில் நல்லது என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பையன்களின் செருப்பை முகர்ந்து பார்த்து ஜோசியம் சொல்கிறான் என்று அவனைக் கேலி செய்ததுதான் மிச்சம்.

பாடம் நடத்துவதில் அவனை அடிக்க ஆளில்லை. மாணவர்கள் எழுதிய புரோகிராம் ஓடாமல் நின்றால், "மிஷின் பொய் சொல்லாதுல. நாமதான் தப்பாக் கேட்டிருப்போம்" என்பான். அதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்று அவனிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

அவன் தாடையில் ஒரு தழும்பு உண்டு. பல்லியைப் போல நீளமாக இருக்கும். ஒரு நாள் டீ குடிக்கும்போது அது எப்படி வந்தது என்று கேட்டேன். "சின்னதுல சைக்கிள்ல இருந்து" என்றான். விழுந்தாயா என்றேன். டம்ளரை உருட்டிக்கொண்டே, "குதிச்சனா, விழுந்தனா, அதுதான் மாப்ள தெரிய மாட்டேங்கு" என்றான். நான் சிரித்தேன். சைக்கிளிலிருந்து விழாதவன் யார்? அவனும் செத்த நேரம் கழித்துச் சிரித்தான்.

அந்த விளையாட்டை அவன் எழுதியது எங்கள் இரண்டாம் வருடத்தில். மதிய உணவு நேரத்தில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில், ஐந்து மாதம் எழுதினான். பெயர் 'இறக்கம்'. ஆடி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகாது. கூமாப்பட்டிக்கு மேற்கே மலையிலிருந்து விறகு இறக்குகிற பாதை ஒன்று உண்டு. எண்பதுகளில் அந்தப் பக்கத்து இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பாதையில் பந்தயம் விடுவார்களாம். ஏழு வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். "பிரேக்கக் கழட்டிட்டு எதுக்குல பந்தயம்? செத்துப்போறதுக்கா?" என்று கேட்டேன். "பிரேக் இருந்தா அது பந்தயம் இல்ல மாப்ள, பயணம்" என்றான். அந்தப் பாதைதான் விளையாட்டு. கறுப்பு ஸ்கிரீனில் இரண்டு கோடுகள் பாதை, குச்சி குச்சியாக மரங்கள், நடுவில் சைக்கிளின் ஹேண்டில்பார். ஆடுகிறவன்தான் ஓட்டுகிறவன்.

முதல் வளைவு தாண்டும்வரை சாதாரணமாகத்தான் இருக்கும். இரண்டாவது வளைவில் வெயில் முதுகுப் பக்கம் வரும். முன்னால் பாதையில் உங்கள் நிழல் விழும். அந்த நிழலுக்கு இரண்டு தலை இருக்கும்.

அவ்வளவுதான். பேய் முகம் கிடையாது, ரத்தம் கிடையாது. இரண்டு தலை நிழல், பிறகு கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம்: சரக், சரக் என்று எதையோ தரையில் தேய்ப்பது போல. பத்மாவதி முதல் முறை ஆடும்போது நாற்காலியோடு பின்னால் சரிந்தாள். தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நாங்கள் எல்லோரும் பயந்தோம். நிழலில் இருக்கிறவனிடமிருந்து தப்பிக்க வேகமாக மிதிப்போம். மிதிக்க மிதிக்கச் சத்தம் குறையும். அப்பாடா என்று இருக்கும்போது ஏழாவது வளைவு வரும், சத்தம் அடியோடு நிற்கும், சைக்கிள் பள்ளத்தில் போய்விடும். ஸ்கிரீன் சிவந்து, 'மறுபடியும்?' என்று கேட்கும். எட்டாவது வளைவு என்று ஒன்று இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. நான் மட்டும் நூறு தடவை பள்ளத்தில் விழுந்திருப்பேன்.

எந்தக் கீயை அமுக்கினால் என்ன நடக்கும் என்று காதர் ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருந்தான். மேல் அம்பு: மிதி. இடம், வலம்: திருப்பு. கீழ் அம்பு: திரும்பிப் பார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கீயை ஒருவர்கூட அமுக்கவில்லை. பின்னால் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தபோது என் சித்தப்பா என் பிடரியைப் பிடித்து, தலை திரும்பாமல் வாசல்வரை நடத்தி வந்தார். திரும்பிப் பார்த்தால் கூடவே வந்துவிடும். ஒரு முறை எவனோ கை தவறி அந்தக் கீப் பக்கம் விரலைக் கொண்டுபோக, பத்மாவதி பதற்றத்தில் வீட்டுத் தெலுங்குக்குத் தாவி, "வத்து! வத்து!" என்று கத்தினாள். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கீயின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டப்பட்டது. பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் பக்கத்தில் பேண்டேஜுக்கும் பிளாஸ்திரிக்கும் என்றைக்கும் பஞ்சமில்லை. அதை ஒட்டியது பத்மாவதி என்றுதான் சென்டரில் எல்லோரும் சொல்வார்கள்.

காதர் அந்தப் பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் ஆடி முடித்ததும் பக்கத்தில் வந்து, "முடிச்சியா மாப்ள?" என்று கேட்பான். இல்லை என்பேன். "முடியும். ஆடு" என்பான். வழியைச் சொல்லித்தான் தொலையேன் என்றால், "நானே சொல்லிட்டா நீ எதுக்கு ஓட்டணும்?" என்பான். ஓர் ஆசிரியனுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் கூடாது என்று நான் சண்டை பிடிப்பேன்.

இனிச் சொல்வது எனக்கு எளிதில்லை. வ. புதுப்பட்டியிலிருந்து படிக்க வந்த ஒருவர் ஒரு நாள் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். காதர் குடும்பம் முன்பு அவர் ஊரில்தான் விறகுக்கடை வைத்திருந்ததாம். காதரின் அண்ணன் சிக்கந்தர் அந்தப் பந்தயங்களில் பெரிய ஆளாம். பிரேக் இல்லாத சைக்கிளில் அதே பாதையில், கடைசி வளைவில், பள்ளத்தில் போய்ச் செத்தானாம். அதற்குப் பிறகுதான் கடையை மூடிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்களாம். எனக்குத் தலை கொதித்தது. இரண்டு வருடம் ஒரே டம்ளரில் டீ குடித்தவன் என்னிடம் இதைச் சொல்லவில்லை என்ற கோபமும் அதில் இருந்தது. நேரே வகுப்புக்குள் போனேன். எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "ஏலே காதரு, செத்துப்போன அண்ணனப் பேயாக்கி ஊர்ப் பயலுவள வெளாட விட்டிருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தான். "பேயா? அதுல பேய் எங்க மாப்ள இருக்கு?" என்றான். நடிக்கிறான் என்று நினைத்தேன். "நீ இன்னும் முடிக்கல" என்றான் மறுபடியும். "முடிவுன்னு ஒண்ணு இருந்தாத்தானல முடிக்க? ஒனக்கு முடிக்கத் தெரியாம எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளிக்கிட்டிருக்க" என்றேன். அவன் போர்டைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தான்.

ஒரு மாதத்தில் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. நான் கிளம்பிய அன்று காதர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றதாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. இரண்டு வருடம் பேச்சு இல்லை. எப்படியும் ஒரு நாள் போய்ப் பேசிவிடலாம் என்றிருந்தேன். இருவருக்கும் வயது இருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறோம் என்ற தைரியம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அடக்கத்துக்கு மையவாடிவரை நானும் போனேன். முகத்தை மூடியிருந்தார்கள், தழும்பைப் பார்க்க முடியவில்லை. மண் போட்டு முடிந்ததும் எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். நானும் நடந்தேன். சித்தப்பாவின் கை இன்னும் பிடரியில் இருப்பது போல, தலையைத் திருப்பாமல், நேராக. கொஞ்ச தூரம் போன பிறகு பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "தம்பி, செத்த நில்லுங்க. திரும்புங்க" என்றது. காதரின் தாய்மாமா. அவர்கள் தெரு வழக்கத்தில், அடக்கம் முடிந்து நாற்பது அடி நடந்ததும் கபரைப் பார்த்துத் திரும்பி நின்று துஆ ஓத வேண்டும். அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். நான் ஒருவன்தான் வாசலைப் பார்த்து நின்றேன். நானும் திரும்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. புது மண் தெரிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வரும்போது தாய்மாமாவிடம் சிக்கந்தரைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் கூடாத நேரம்தான், ஆனால் வேறு நேரம் எனக்கு ஏது? அவர் சொன்னார்: "அந்தப் பந்தயத்துல ஒவ்வொரு சைக்கிள்லயும் ரெண்டு பேரு தம்பி. முன்னால இருக்கவன் ஹேண்டிலு. கேரியர்ல இருக்கவன்தான் பிரேக்கு. வளைவு வந்தா அவன் செருப்புக் காலத் தரையில தேய்க்கணும். சிக்கந்தருக்குக் கேரியர்ல எப்பவும் நம்ம காதருதான். சின்னப் பய, ஆனா காலு நல்ல பலம். அன்னைக்கு ஆறாவது வளைவுல இவன் கீழ கெடந்தான், தாடை கிழிஞ்சு. பயந்து குதிச்சானா, தூக்கி எறிஞ்சுச்சா, அல்லாவுக்குத்தான் தெரியும். அவனுக்கே தெரியாது. அண்ணங்காரன் திரும்பிப் பாக்கல. தம்பி பின்னால இருக்கான்னு நெனச்சே போயிட்டான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராஜபாளையம் சென்டருக்குப் போனேன். வாசலில் காதரின் பழைய செருப்பு ஒரு ஜோடி அப்படியே கிடந்தது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரும் இருந்தது. 'இறக்கம்' அதில் இருந்தது. கீழ் அம்பின் மேல் பிளாஸ்திரி பழுப்பேறிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இத நான் ஒட்டுனேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றாள் பத்மாவதி. நகத்தால் சுரண்டிப் பிய்த்து எடுத்தேன். இந்த முறை அவள் வத்து என்று சொல்லவில்லை.

இரண்டாவது வளைவில் நிழலுக்கு இரண்டு தலை வந்தது. கீழ் அம்பை அமுக்கினேன். ஸ்கிரீன் திரும்பியது. கேரியரில் ஒரு சின்னப் பையன். பத்துப் பன்னிரண்டு கோட்டில் வரைந்த உருவம், தொளதொள சட்டை, காலுக்குப் பெரிய செருப்பு. நான் பார்த்ததும் அவன் இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். சரக், சரக். சைக்கிளின் வேகம் குறைந்தது, வளைவு சுலபமாகத் திரும்பியது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் அத்தனை நாள் மிதித்து ஓடினோமோ அது எங்களை நிறுத்தப் பார்த்த சத்தம். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் காலை ஊன்றினான்.

ஏழாவது வளைவில் சத்தம் நின்றது. திரும்பினேன். கேரியர் காலியாக இருந்தது. "போச்சு சார்" என்றாள் பத்மாவதி. நான் விரலை எடுக்கவில்லை. முன்னால் பள்ளம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. காலியாக இருந்த கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு கோடாக வந்தது. முதலில் செருப்பு, அப்புறம் கால், சட்டை, கடைசியில் தலை. தாடையில் ஒரு சிறிய சாய்கோடு. கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி: இருக்கேண்ணே.

சைக்கிள் மெல்ல இறங்கி ஒரு விறகுக்கடை முன்னால் நின்றது. எட்டாவது வளைவு கிடையாது. 'மறுபடியும்?' என்று இந்த முறை கேட்கவில்லை. பத்மாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் அழுததை மறைக்கவில்லை.

அவனை அறிந்தவர்களே, எனக்கு இன்னும் பல விஷயம் விளங்கவில்லை. அந்த ஆட்டம் அவன் அண்ணனிடம் கேட்ட மன்னிப்பா, இல்லை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்யா? குதித்தானா விழுந்தானா என்பதற்கு அதில் பதில் இல்லை. எவனாவது ஒருவன் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தான் என்றால், இவர்கள் ஏன் திரும்புவதில்லை என்று அவனுக்குப் புரிந்ததா? எங்கள் சுடுகாட்டு வழக்கம் அவனுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அந்த வழக்கத்தை மீறிப் பார்க்கிற அளவுக்கு நான் அவனுக்கு வேண்டியவன் என்று நினைத்திருந்தானா? பேய் எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டபோது நான் ஒரு நிமிடம் உட்கார்ந்து ஆடியிருக்கலாம்.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பிளாஸ்திரித் துண்டுதான், சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். அதை ஒட்டியது பத்மாவதி இல்லை. அவள் பயந்த அன்று, எல்லோர் முன்னாலும் வீரம் காட்ட, நான்தான் ஒட்டினேன். சுருளிலிருந்து பிய்க்க வரவில்லை. காதர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மேஜை டிராயரைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் கொடுத்தான்.